மூக்கடைப்பும் நிலவறைச் சாவியும்

ஜனவரி 29,
கரும்பறவை நாட்களில் முதல் நாள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் செலஸ்தீனோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை தெல்ஃபீனாவைக் கைப்பிடித்த எவாசியோ பணிவன்போடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் அடுப்பும் பூனையும் சுகம். உங்கள் நுரையீரலும் ஜெனோவாக் கடற்காற்றும் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டதாக உங்கள் மகள் தொலைபேசியில் சொன்னாள், சந்தோஷம். வருடத்திலேயே குளிர் கூடிய மூன்று நாட்களில் முதல் நாள் இன்று. முற்றத்துக் குழாய் உறைந்துவிட்டது, வாசற்படியில் உப்புத் தூவியும் தபால்காரர் ஒரு தடவை சறுக்கிவிட்டார். அதைத் தவிர ஊரில் வேறு குறை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் இதுதான்: நான் ஜெயித்துவிட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஆஸ்தி ரயில் நிலையத்தில் நீங்கள் வண்டி ஏறும்போது, நம் போச்சே உருண்டை விளையாட்டுச் சங்கத்தின் நிலவறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "சாவியக் குடுத்துட்டேன் மாப்ள. மூக்க எங்க போய் வாங்குவியோ" என்றீர்கள். உருண்டை உருட்டும் கூட்டம் மொத்தமும் உங்களை வழியனுப்ப வந்து பிளாட்பாரத்தில் நின்றிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள், டிக்கெட் பரிசோதகர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் சங்கத்துக்கு வைன் தேர்ந்தெடுக்கும்போது அந்த வார்த்தை என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இன்றைக்குத்தான் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

பதினெட்டு வருடம் நீங்கள் சங்கத்துக்கு வைன் தேர்ந்தெடுத்தீர்கள். தேர்ந்தெடுத்தீர்கள் என்று மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். கல்லறை மதிலுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் ஏழு வரிசைத் திராட்சையின் பார்பெரா வைனையே வருடம் தவறாமல் கொண்டுவந்து இறக்கினீர்கள், நாங்களும் வருடம் தவறாமல் குடித்தோம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. புளிப்பு கொஞ்சம் கூடுதல், மோந்தால் மழையில் நனைந்த செங்கல் வாடை, அவ்வளவுதான் சொல்வேன். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது அந்தத் தோட்டத்தை யாருக்குக் குத்தகைக்கு விட்டீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. சொந்தத்துக்குள் சில விஷயங்களைக் கிளறாமல் இருப்பது நல்லது என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ரெமோ எழுந்து நின்றான். உங்களுக்குத் தெரியுமே, வங்கியில் ஓய்வுபெற்றவன், சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பவன். இப்போது சீப்புக்குப் பதிலாகப் பெரிய கைபேசி வைத்திருக்கிறான். பாட்டிலின் லேபிளை அதனிடம் காட்டினால் உலகத்தில் எத்தனை பேர் அந்த வைனுக்கு எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று அது சொல்லிவிடுமாம். கிழவன் ஒருவன் மூக்கை நம்பி அறுபது பேர் குடிப்பது காலத்துக்கு ஒவ்வாது என்றான். கிழவன் என்றது என்னை, அவன் என்னைவிட எட்டு மாதம் மூத்தவன். சரி, ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை நம் பூண்டுச் சட்டி விருந்தான பாஞ்யா காவுதாவில் பார்த்துக்கொள்வோம் என்றேன். ஒவ்வொரு மேசைக்கும் என் வைன் ஒரு கூஜா, அவன் வைன் ஒரு கூஜா. கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதெல்லாம் வேண்டாம், முகதாட்சண்யம் பார்ப்பார்கள். யார் கூஜா முதலில் காலியாகிறதோ அவனுக்குச் சாவி. தோற்றவன் இனி நிலவறைப் படியிறங்கக் கூடாது. நான்தான் இந்த நிபந்தனையைச் சொன்னேன் என்பதைக் கவனிக்கவும். பயந்தவன் சொல்லும் நிபந்தனையா இது?

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷம் யாருக்கும் பிடிப்பதுதான். ஆனால் மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் வாசனை திரும்பவில்லை. காப்பி சுடுதண்ணீராக இருந்தது, பாலாடைக்கட்டி மெழுகாக இருந்தது, வைன் வெறும் நிறமாக இருந்தது. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் தெல்ஃபீனா கடலை சூப் வைத்தாள். இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்து, இந்த வருடத்திலேயே இதுதான் நல்ல சூப் என்று பாராட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடி புடிச்சுத் தீஞ்சு போச்சு, பூனைக்குக்கூட ஊத்தல. எத்தன நாளா உங்களுக்கு வாசன தெரியல?"

ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மருத்துவரிடம் போனோம். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தானாகத் திரும்பும், ஒரு வாரமும் ஆகலாம், ஈஸ்டரும் ஆகலாம் என்றார். வெளியே வந்ததும் உங்கள் தங்கை, பேசாமல் ரெமோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? முப்பத்தோரு வருடம் ஆஸ்தி பேருந்தை ஓட்டியவன் நான், பிரேக் சரியில்லை என்று ஒருநாளும் பயணிகளிடம் சொன்னதில்லை. வேண்டுமானால் நான் மோந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள். உங்கள் தங்கைக்கு மூக்கு நல்ல மூக்குதான், உங்கள் வீட்டு மூக்கு. அதனாலேயே வேண்டாம் என்றேன். சாவி என் பெயரில் இருக்கிறது, என் முகத்தில் இருக்கும் மூக்குதான் வேலை செய்ய வேண்டும், செய்யாவிட்டாலும் செய்வதுபோல் இருக்க வேண்டும்.

ஆக ஜனவரி முதல் வாரத்தில் காரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கிளம்பினோம். முதலில் பியேரீனோ வீடு. நிலவறையில் மூன்று பீப்பாய்களிலிருந்தும் ஊற்றிக் கொடுத்தான். நான் கிண்ணத்தைச் சுழற்றினேன், விளக்குக்கு எதிரே பிடித்தேன், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினேன், எல்லாம் முறைப்படி செய்தேன். என் நாக்குக்கு எட்டியது புளிப்பு ஒன்றுதான். விருந்துச் சட்டியிலோ ஆலிவ் எண்ணெய் மிதக்கும், எண்ணெயை வெட்ட வைனில் புளிப்பு வேண்டும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவது பீப்பாயில் புளிப்பு தாராளமாக இருந்தது. இதுதான், இதில் ஒரு எதிர்காலம் தெரிகிறது என்றேன். பியேரீனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எதிர்காலம் முடிஞ்சு போச்சு எவாசியோ. போன வருஷமே வினிகர் ஆயிடுச்சு. சாலட்டுக்கு வச்சிருக்கேன்."

நான் அசரவில்லை. வினிகருக்காகத்தான் வந்தேன், தெல்ஃபீனா நல்ல வினிகர் கேட்டாள் என்று சொல்லி மூன்று லிட்டர் வாங்கிக்கொண்டேன். தெல்ஃபீனாவும் ஆமாம் என்று தலையாட்டினாள், ஆனால் காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. இது ரெமோ காதுக்குப் போயிருந்தால் என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த இரண்டு தோட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று திரும்பும் வழியில் சாவியை வளையத்திலிருந்து கழற்றிப் பார்த்தேன். இடுப்பில் எடை இல்லாமல் நடக்க எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். நன்றாக இல்லை.

மறுநாள் தெல்ஃபீனாதான், மேட்டுத் தோட்டத்து எர்னெஸ்தா வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்றாள். எனக்கும் அந்த வீடு தெரியும், என் பேருந்தின் ஒன்பதாவது நிறுத்தம். எர்னெஸ்தா பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே என் வண்டியில் ஏறியவள், இப்போது டிராக்டர் ஓட்டுகிறாள், குரலும் டிராக்டர்போல. பளபளவென்று இரும்புத் தொட்டி வைத்திருக்கிறாள், அதிலிருந்து கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் கொடுத்தாள். நான் சுழற்றினேன், மோந்தேன், கண்ணை மூடினேன். ஒன்றும் இல்லை. மூடிய கண்ணைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் மச்சான், நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். அப்போது பன்னிரண்டு மணி அடித்தது. எர்னெஸ்தா ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு வைன் பிடிக்க ஒரு மண்கூஜாவோடு போனாள். அந்தத் தொட்டியிலிருந்து பிடித்திருக்கலாம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடிக்கவில்லை. அதைத் தாண்டி, உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாண்டி, மூலையில் இருந்த ஒரு பழைய பீப்பாய்க்குப் போனாள். குழாயைத் திறப்பதற்கு முன் ஏப்ரன் துணியால் அதைத் துடைத்தாள். முப்பத்தோரு வருடம் நான் முன்னால் பார்த்து வண்டி ஓட்டியதைவிடத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்ததுதான் அதிகம். யார் டிக்கெட் எடுக்கவில்லை, யார் யாருக்கு இடம் பிடிக்கிறார்கள், யார் அழுதுவிட்டு ஏறியிருக்கிறார்கள், எல்லாம் அதில் தெரியும். மனிதர்கள் வாயால் எதையும் விற்பார்கள், கால் எங்கே போகிறதோ அங்கேதான் நல்லது இருக்கும். விற்கிறவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பீப்பாயிலிருந்து போகிறதோ அதுதான் அந்த வீட்டின் நல்ல வைன். இதற்கு மூக்கு எதற்கு?

"அதுதான் வேணும்" என்றேன்.

"அது விக்கிறதுக்கு இல்ல."

"ஏன்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னுதானே கேக்குறேன்."

எர்னெஸ்தா தெல்ஃபீனாவைப் பார்த்தாள். தெல்ஃபீனா கோழிகளைப் பார்த்தாள். பிறகு இருவரும் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏதோ ஸ்வெட்டர் பின்னல் விஷயமாக இருக்கும். வெளியே வந்த எர்னெஸ்தா, இரண்டு தமிஜானாக் குடுவை தருகிறேன், மூன்றாவது கேட்கக் கூடாது என்றாள். தொட்டி வைன் லிட்டர் இரண்டரை யூரோ, இது இரண்டுதான் என்றாள். நல்லதற்கு ஏன் குறைந்த விலை என்று கேட்டதற்கு, "இதுல என் கைவேல கொஞ்சந்தான்" என்றாள். லேபிள் இல்லை, புது ஓக் மரப் பீப்பாய்ச் செலவு இல்லை, நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உப்புப் பிஸ்கட் கொடுக்கும் செலவு இல்லை, அதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

ஐம்பத்துநாலு லிட்டர் தமிஜானா இரண்டையும் காரில் ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. ஒன்றைப் பின்னால் வைத்தேன். இன்னொன்றை முன் இருக்கையில் உட்காரவைத்து இடுப்புப் பட்டி போட்டேன். கண்ணாடிப் பாத்திரம், கூடை பின்னியிருந்தாலும் மலைப்பாதையில் நம்ப முடியாது. உங்கள் தங்கை பின்னால், அந்த இன்னொரு தமிஜானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மடியில் வினிகரோடு வந்தாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு மெதுவா வண்டி ஓட்டல" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

ஒன்றை நேராகச் சங்க நிலவறையில் இறக்கிப் பூட்டினேன். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏனென்றால் குளிர்காலத்தில் வைன் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். நிலவறை நான்கு டிகிரியில் கிடக்கிறது, அந்தக் குளிரில் ஊற்றினால் எவ்வளவு நல்ல சிவப்பு வைனும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயே திறக்காது. நட்சத்திரம் எண்ணுகிறவர்களுக்கு இது தெரியாது. விருந்துக்கு முந்தின நாள் தமிஜானாவைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், என் கம்பளி மேல்கோட்டைப் போர்த்தினேன், கழுத்தில் மஃப்ளரும் சுற்றினேன். பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். மத்தியானம் நல்ல கதகதப்பு. தெல்ஃபீனா மாடியிலிருந்து படி தடதடக்க இறங்கி ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை எங்கள் இருவர் மேலும் ஊற்றினாள். கூடையின் அடிப்பின்னல் அடுப்பில் பட்டுக் கருகிப் புகைந்துகொண்டிருந்திருக்கிறது, என் கோட்டின் ஓரமும். புகையை நான் பார்க்கவில்லை, செய்தித்தாள் மறைத்தது. வாசனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"வைனுக்குச் சட்ட போட்டீங்க, சரி. சிதையும் மூட்டணுமா?" என்றாள்.

வைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டில் ஒரு பிடி போனது. அந்தக் கோட்டோடுதான் விருந்துக்குப் போனேன், ஓட்டையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டேன். உழைத்தவன் என்று தெரியட்டும்.

சனிக்கிழமை விருந்து எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதத் தேவையில்லை, நீங்கள் பார்க்காததா. பன்னிரண்டு மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் மெழுகுத்திரி எரியும் சின்ன மண்சட்டி, உள்ளே பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைந்து கொப்பளிக்கிறது, தட்டில் கார்தோ தண்டு, முட்டைக்கோஸ், குடைமிளகாய். ஜன்னல் எல்லாம் ஆவி படிந்துவிட்டது. என் கூஜாக்களுக்குச் சணல் கயிறு, ரெமோவின் கூஜாக்களுக்கு வெள்ளைப் பட்டு ரிப்பன். ரெமோ எழுந்து நின்று கைபேசியைப் பார்த்து வாசித்தான். பாட்டில் பதினாலு யூரோவாம், பதினெட்டு மாதம் ஓக் பீப்பாயில் தூங்கியதாம், வனிலா, தோல், புகையிலை, அடியில் கொஞ்சம் சாக்லேட் எல்லாம் இருக்கிறதாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, என்னுடையதில் திராட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்கள்.

முதல் கால்மணி நேரம் ரெமோவின் கூஜாதான் இறங்கியது, மறைக்கவில்லை. வயிறு காலியாக இருக்கும்போது சாக்லேட் யாருக்குக் கசக்கும்? என் கை சாவியின் மேலேயே இருந்தது. பிறகு தண்டைச் சட்டியில் முக்கி முக்கி வாயில் போட ஆரம்பித்தார்கள், பூண்டு ஏறியது, எண்ணெய் ஏறியது, உப்பு ஏறியது. அப்போது ஒவ்வொரு கையாகச் சணல் கயிற்றுப் பக்கம் திரும்பியது. ரெமோவின் வைன் கெட்ட வைன் இல்லை. அது சாய்வு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசிப்பதற்கான வைன். நெத்திலியோடு குடித்தால் அலமாரிக் கதவை நக்கினதுபோல் இருக்கிறது என்று மூன்றாம் மேசையில் சொன்னார்கள், எனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நமக்கு வேண்டியது வாயைக் கழுவிவிட்டு, இன்னொரு கவளம் எடு என்று சொல்கிற வைன். புளிப்போடு, கெட்டியாக இல்லாமல், ஒரு வருடம் ஆறி, வயிற்றுக்குள் போய்ச் சூடாக உட்கார வேண்டும். அப்படிப்பட்டது லிட்டர் இரண்டு யூரோவுக்கு நம் மேட்டிலேயே கிடைக்கிறது, தேடத் தெரிந்தவனுக்கு.

விருந்தின் முடிவில் முட்டையை உடைத்துச் சட்டியின் அடியில் ஊற்றும் நேரத்துக்குள் பன்னிரண்டு மேசையில் பதினொன்றில் என் கூஜா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் ரெமோவின் மேசை. மானத்தைக் காக்க அவன் தன் வெள்ளை ரிப்பனையே ஊற்றிக்கொண்டிருந்தான். நான் காப்பி வாங்க எழுந்து போனேன். காப்பி இயந்திரத்துக்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதில் பார்க்கிறேன், ரெமோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு மேசைத் துணிக்கு அடியில் சணல் கயிற்றுக் கூஜாவைத் தன் கிண்ணத்தில் சாய்க்கிறான். ஒரு சொட்டு விடாமல் சாய்த்தான். நான் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஜெயித்தவனுக்கு அந்தப் பெருந்தன்மைகூட இல்லாவிட்டால் எப்படி?

பிறகு அவனே வந்து கை கொடுத்தான்.

"எங்க வாங்கின?"

"மூக்கால வாங்கினேன்" என்றேன்.

சாவியைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் மறுபடி என் இடுப்பில் மாட்டிவிட்டார். பேசச் சொன்னார்கள், பேசினேன், கொஞ்சம் நீளமாகத்தான் பேசினேன். மூக்கு என்பது பிறவியிலேயே வர வேண்டியது என்பதுபோல் ஏதோ சொன்னதாக ஞாபகம். நம் பழைய தச்சர் இவால்தோ மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செலஸ்தீனோ போன பிறகு இப்படி ஒரு வைன் குடிக்கவே இல்லை என்றார். அவருக்கு வயது எண்பத்தாறு, பூண்டு வேறு கண்ணில் பட்டிருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக மச்சான், மூக்கு உள்ளவன் நல்ல வைன் எடுப்பதில் என்ன இருக்கிறது? நீங்கள் மூக்கை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் எங்களுக்குச் செங்கல்லை ஊற்றினீர்கள். நான் மூக்கே இல்லாமல் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தேன், மேசைத் துணிக்கு அடியில் உள்ளதையும் சேர்த்தால் பன்னிரண்டு. என் மூக்கடைப்பு விஷயம் உங்களுக்கும் தெல்ஃபீனாவுக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியும், இதோடு இருக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு தபாலட்டையில், உங்கள் கைப்பட, "எவாசியோவுக்கு வைன் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சட்டம் போட்டு நிலவறைக் கதவுக்கு மேல் மாட்டப் போகிறேன். நான்கு வருடமாக இதற்காகத்தான் காத்திருக்கிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகளுக்குத் தெல்ஃபீனாவின் முத்தங்கள், எண்ணிக்கை அவள் சொல்லவில்லை. கடல் பக்கம் போகும்போது கம்பளிப் பனியனைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். நீங்கள் நெடுநாள் நலமாக இருந்து, நான் சாவியோடு நடமாடுவதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள மைத்துனன்,
நிலவறைப் பொறுப்பாளர்
எவாசியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை, நல்லவேளை. தபால்தலை வாங்கப் போகிற வழியில், ரொட்டிக்கடை வாசலில் என் மூக்கு திறந்துகொண்டது. முதலில் ரொட்டி, பிறகு பக்கத்தில் நின்றிருந்த நாய், பிறகு என் கோட்டின் கருகல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. தபால்தலையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் ஜெயித்த வைனை நான் இன்னும் குடிக்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. விருந்தில் மிஞ்சியது ஒரு பாட்டில் அலமாரியில் இருந்தது. ஊற்றினேன். சுழற்றினேன். மோந்தேன்.

மழையில் நனைந்த செங்கல்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தெல்ஃபீனா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். உங்கள் ஏழு வரிசையை எர்னெஸ்தாவுக்குத்தான் விட்டிருக்கிறீர்கள். வேறு திராட்சையோடு கலக்காதே, வெளியே விற்காதே, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே செய் என்று நீங்கள் சொன்னதாகவும், நான்கு வருடமாக அவள் அப்படியே செய்வதாகவும், சமையலறையில் அன்று பேசியது ஸ்வெட்டர் இல்லை என்றும் சொன்னாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன் சொல்லச் சொல்லல. நீங்களும் கேக்கல. கேட்டிருந்தா எடுத்திருப்பீங்களா?" என்றாள். எடுத்திருக்க மாட்டேன்.

கிண்ணத்தை முழுதாகக் குடித்தேன். மச்சான், நல்ல வைன். அன்றைக்கும் நல்ல வைன்தான். பதினெட்டு வருடம் அதை நான் பொறாமையோடு குடித்திருக்கிறேன், செங்கல் அதில் இல்லை, என்னிடம்தான் இருந்தது. மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது, நன்றாகவும் வந்திருக்கிறது. ஆகவே "நான்" என்று பெருமையாக வரும் இடத்தில் எல்லாம் உங்கள் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளவும். வினிகர் வருகிற இடம் மட்டும் என்னுடையது. தபாலட்டை வேண்டாம்.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டிய பிறகு தெல்ஃபீனா உறையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊரில் இருக்கிற ஒரே சாவி இதுதானே, இரண்டாவது தமிஜானா உள்ளே பூட்டிக் கிடக்கிறதே, இனி எப்படித் திறப்பது என்று கேட்டாள். மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். எங்களால் திறக்க முடியாது. நீங்கள்தான் வந்து திறக்க வேண்டும். கம்பளிப் பனியனோடு வாருங்கள், ஆஸ்தி நிலையத்துக்கு நானே காரில் வருகிறேன், முன் இருக்கை உங்களுக்கு. சீக்கிரம் வரவும், ரெமோ தினமும் நிலவறைக் கதவருகே வந்து மோந்துவிட்டுப் போகிறான்.